ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.வும் ஊர் ஏரியும்: எங்கே தொடங்குவது?

#1 · உள்வாய்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராம நிர்வாக அலுவலர். பணிக்காலம் முழுக்க ஏரி, குளம், பறவை என்று அலைந்தவர், இப்போது ஓய்வு பெறுகிறார். ஓய்வூதியம் வருகிறது, நேரம் இருக்கிறது, முப்பது வருடப் பதிவேட்டு அறிவு இருக்கிறது. கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் போய்விட்டது. ஊர் ஏரி 40 ஏக்கர், கரை 1 கி.மீ. உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பரப்பு) முழுக்கச் சீமைக் கருவேலம், ஓரத்தில் ஆக்கிரமிப்பு. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் ஐந்து வருடத்தில் அவர் எதை, எந்த வரிசையில் செய்வது? "மரக்கன்று நடட்டும்" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் தயவுசெய்து கடந்து போகவும். மாதம், அளவு, அலுவலகம், எது கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும்? இவை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 · புலப்படம்

கடப்பாரையைத் தொடும் முன் காகிதம். மற்ற சூழல் ஆர்வலர்களிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருப்பது இதில்தான்.

முதலில் அந்த ஏரி யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேரோ அதற்கு மேலோ இருந்தால் நீர்வளத்துறை (பழைய பொதுப்பணித்துறை), குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பலர் ஏரியின் பரப்பை வைத்து முடிவு செய்கிறார்கள், தப்பு. பாசனம் பெறும் நிலத்தின் பரப்புதான் கணக்கு. 40 ஏக்கர் ஏரிக்கு 100 ஏக்கர் ஆயக்கட்டு இருந்தால் சரியாக அந்த எல்லைக்கோட்டில் வந்து நிற்கும், இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். ஆயக்கட்டு சர்வே எண்களை எழுதிக் கூட்டிக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் ஒரு மேசையில் மனு நிற்கும்.

பிறகு நான்கு காகிதம்: 'அ' பதிவேட்டு நகல் (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்ற பதிவு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவுப் படம்), கிராம வரைபடம், அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற வருடப் பதிவு). முதல் இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். ஏரியின் சர்வே எண்ணை மட்டும் எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வரத்து வாய்க்காலுக்குத் தனி எண் இருக்கும். மேல் ஏரியின் கலங்கலிலிருந்து (உபரிநீர் வழியும் இடம்) இந்த ஏரி வரை வருகிற எல்லா எண்ணையும் எடுக்க வேண்டும். ஏரிக்குள் ஒரு சென்ட் கூட ஆக்கிரமிப்பு இல்லாமல், வாய்க்காலை உழுதுவிட்டதாலேயே வறண்டு கிடக்கிற ஏரிகள் நிறைய. சில இடங்களில் வாய்க்கால் பட்டா நிலத்தின் புலப்படத்துக்குள்ளேயே கோடாக ஓடும், தனி எண் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்துப் புலப்படங்களை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு (1979இல் தொடங்கியது) முந்தைய பழைய 'அ' பதிவேட்டையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்தப் புறம்போக்கு எப்போது எந்த உட்பிரிவாக மாறியது என்று தெரியும். நாற்பது பேர் மரம் நடுவதைவிட இந்த ஒரு வாரம் ஏரிக்கு அதிகம் உதவும்.

இன்னொன்று. ஆக்கிரமிப்பில் நிற்கும் மரங்களுக்கு யாராவது 2சி மரப்பட்டா வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அது மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை மட்டுமே, நிலத்துக்கு அது பட்டா ஆகாது. ஆனால் அந்தக் காகிதத்தை நிலப் பட்டா போல நீட்டுகிறவர்கள் உண்டு.

#3 · செம்மண்

அண்ணே, கைபேசியில் ஜி.பி.எஸ். வைத்து எல்லையைச் சுற்றி நடந்து ஒரு வரைபடம் போட்டுத் தாசில்தாரிடம் கொடுத்தால் போதாதா? இப்போது எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்.

#4 · புலப்படம்

போதாது. கைபேசி திறந்த வெளியிலேயே சில மீட்டர் தப்பும், முள்ளுக்குள் இன்னும் மோசம். ஏரியோரத்து ஆக்கிரமிப்பு பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு உழவுச்சால் என்று நகர்வது. ஐந்து மீட்டர் தகராறை ஐந்து மீட்டர் பிழையுள்ள கருவியால் எப்படித் தீர்ப்பது? எதிராளியின் வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார். உங்களுக்கு ஒரு குத்துமதிப்பான படம் வேண்டுமென்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாசில்தாருக்கு அளவை மனு, குறுவட்ட நில அளவர், சங்கிலி, கல். பங்குனி, சித்திரையில் தண்ணீர் இல்லாதபோது அளக்க வேண்டும். ஐப்பசியில் மனு கொடுத்தால் "தண்ணீர் நிற்கிறது" என்று திரும்பும். புலப்படத்தில் இருக்கும் முச்சந்திக் கற்களில் (மூன்று எல்லை சந்திக்கும் இடத்துக் கல்) குறைந்தது இரண்டு தரையில் கிடைக்க வேண்டும். அதனால் அளவர் வருவதற்கு முன்பே கற்களைத் தேடிச் சுற்றிலும் முள்ளை வெட்டிச் சுண்ணாம்பு அடித்து வைக்கவும். கல் கிடைக்காமல் திரும்பிப்போனால் அடுத்த நாள் கிடைக்க மாதங்கள் ஆகும்.

அளந்தபின் சட்டம். நீர்வளத்துறை ஏரி என்றால் 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஒன்றிய ஏரி என்றால் பழைய 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம்: 7ஆம் பிரிவில் அறிவிப்பு, பிறகு 6ஆம் பிரிவில் உத்தரவு. 7 கொடுக்காமல் நேரே 6க்குப் போனால் மேல்முறையீட்டில் விழுந்துவிடும். பொதுநில ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை மனுவில் ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அந்த ஒரு வரியை நம்பிக் கல்லைத் தேடாமல் இருக்கக் கூடாது.

#5 · வேலிக்காத்தான்

சீமைக் கருவேலத்துக்கு வருகிறேன். இதில் காசு வீணாவது மூன்று இடத்தில்.

ஒன்று, ஏலம். ஏரிக்குள் நிற்கும் மரம் அரசுச் சொத்து. ஆர்வத்தில் ஜே.சி.பி. வைத்துத் தள்ளினால் தள்ளியவர் மேல்தான் புகார் வரும். முறைப்படி மதிப்பீடு, ஏலம். எடுக்கிறவர் கரிமூட்டம் போடுகிறவர், அவருக்குக் காசு தரைக்கு மேலே இருக்கும் மரத்தில்தான். ஆகவே தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போவார். அடுத்த மழையில் ஒரு கட்டைக்கு ஏழெட்டுக் கிளை வெடிக்கும், முன்னைவிட அடர்த்தியாக. வேர்க்கழுத்தில் மண்ணுக்குள்ளேயே மொட்டு இருக்கிறது, அதனால் குறைந்தது ஒரு அடி ஆழம் வரை தோண்டி அடிக்கட்டையோடு எடுக்க வேண்டும். ஏல நிபந்தனையில் "வேரோடு" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்வைப்புத் தொகையில் ஒரு பகுதியை அடுத்த மழைக்குப் பின் துளிர் பார்த்துத் திருப்பித் தருவதாக எழுதச் சொல்லுங்கள். இந்த வாசகத்தை வரைவு செய்யத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டு, நெற்று. கோடையில் காய் முற்றித் தொங்கும்போது வெட்டி இழுத்தால் ஏரி முழுக்க விதைத்த மாதிரி. ஆடும் மாடும் நெற்றைத் தின்று, விதை சாணத்தோடு வந்து, உரத்தோடு முளைக்கும். காய் பிடிக்கும் முன் வெட்டுவது நல்லது. முடியாவிட்டால் நெற்றைப் பொறுக்கி அரைத்துத் தீவனமாக்கலாம், அரைபட்ட விதை முளைக்காது.

மூன்று, அடுத்த வருடம். இதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. மண்ணில் கிடக்கும் விதை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் மழை பெய்து மூன்று வாரத்தில் நாற்று ஒரு சாண் இருக்கும்போது கையால் பிடுங்கினால் வந்துவிடும். ஆறு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும், ஒரு வருடம் விட்டால் மறுபடியும் ஜே.சி.பி. குறைந்தது மூன்று மழைக்காலம் பிடுங்க வேண்டும். 40 ஏக்கரையும் ஒரே வருடத்தில் அழித்துவிட்டுப் பிடுங்க ஆள் இல்லாமல் நிற்பதைவிட, வருடத்துக்கு 8 ஏக்கர் என்று கரைப் பக்கமிருந்து நகர்வது மேல்.

#6 · நத்தைகுத்தி

வேலிக்காத்தான் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை: பறவை.

சீமைக் கருவேலம் கெட்ட மரம்தான். ஆனால் பல ஏரிகளில் வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் இன்று கூடு கட்டுவது அதில்தான், வேறு மரம் மிச்சமில்லை. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை கூடு இருக்கும் மரத்தைத் தொடவே கூடாது. கூடு இருந்த தோப்பை அடையாளம் போட்டுக் கடைசியாக எடுக்க வேண்டும். அதற்கு முன் மாற்று மரம் நின்றிருக்க வேண்டும். மாற்று என்றால் நாட்டுக் கருவேல், நீர்க்கடம்பு. வேடந்தாங்கலில் பறவை தாங்கி நிற்பது இந்த இரண்டும்தான்.

நாட்டுக் கருவேல் விதை தோல் கடினம். ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதை சீக்கிரம் முளைக்கும், ஆட்டின் வயிறே அந்த வேலையைச் செய்திருக்கும். இல்லாவிட்டால் வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்கவும். நீர்க்கடம்புப் பழத்தை உலரவிடாமல் உடனே பையில் போட வேண்டும். இரண்டுமே ஒரு வருடக் கன்று, நாலடி உயரம் வந்தபின்தான் ஏரிக்குள் போகலாம். நடவு வருடமே தண்ணீர் நுனிக்கு மேல் போனால் கன்று அழுகும்.

அதனால் மண் திட்டு. இந்த விஷயத்தில் கலங்கல் வந்து எழுதினால் நன்றாக இருக்கும்.

#7 · கலங்கல்

கூப்பிட்டதால் வந்தேன். திட்டுக் கணக்கு:

முழுக்கொள்ளளவு நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் திட்டுத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நீர் ஆழம் 1.5 மீ. என்றால் திட்டு உயரம் 2 மீ. மேல் விட்டம் 10 மீ., சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்). அப்படியானால் அடி விட்டம் 18 மீ. மண் சுமார் 316 கன மீட்டர். சரிவைச் செங்குத்தாக விட்டால் முதல் அலையிலேயே சரியும். போட்டவுடன் நடாதீர்கள், ஒரு மழைக்காலம் படியவிட்டு, இறங்கிய அளவு மேலே மண் போட்டுப் பிறகு நடவு. 10 மீ. விட்டத்தில் 3 மீ. இடைவெளியில் ஏழு மரம் தாராளம்.

மண் எங்கே எடுப்பது என்பதில்தான் ஏரி கெடுகிறது. கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை இளகும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆனால் இந்த இரண்டாவது 'பிழை' நத்தைகுத்திக்குப் பிடிக்கும். திட்டைச் சுற்றி ஒரு மோதிரம் போல அரை மீட்டர் தாழ்த்தினால் மதகு திறந்து வடிந்த பிறகும் கூடு இருக்கும் மரத்தின் காலில் தண்ணீர் நிற்கும். ஆயக்கட்டுக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லிச் செய்ய வேண்டும், சொல்லாமல் செய்தால் "எங்கள் தண்ணியைப் பறவைக்குப் பள்ளம் வெட்டிவிட்டார்" என்று சண்டை வரும்.

கரையில் மரம் நடுவது பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மதகுக்கும் கலங்கலுக்கும் பக்கத்தில் எந்த மரமும் வேண்டாம். கரையின் உள்சரிவில் பெருவேர் மரம் வேண்டாம். மரம் உயிரோடு இருக்கும்வரை தொல்லை குறைவு. செத்து வேர் மக்கிய பின் அதன் வழியே குழாய் போல் ஓட்டை விழும், தண்ணீர் அதில் ஊறிக் கரையைத் தின்னும். அரசையும் ஆலையும் கரையில் வைத்துப் படம் எடுக்கிறவர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள்.

#8 · பனங்காடு

அதனால்தான் கரைக்குப் பனை. சல்லிவேர், கரை மண்ணைப் பிடிக்கும். வெளிச்சரிவில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே.

1 கி.மீ. கரை, 10 அடிக்கு ஒன்று: ஒரு வரிசைக்கு 330 குழி. குழிக்கு இரண்டு விதை வைத்தால் 660. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தில் எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். ஒரு அடிக் குழி போதும். "கண் கீழே, கண் மேலே" என்று சண்டை போடுகிறார்கள். கிழங்குப் பாத்தியில் எப்படிக் கிடந்தாலும் முளைக்கிறதே, படுக்கவைத்து மூடுங்கள். முளை முதலில் கீழே போகும், அதுதான் பனையின் குணம். அதனாலேயே பையில் வளர்த்து நடுவது உதவாது, பையின் அடியில் முட்டிக்கொண்டு வளையும்.

விதையைச் சேர்த்துக் குவியலாக வைத்துவிட்டு விழா நாளுக்குக் காத்திருக்காதீர்கள். மூன்று நாலு வாரத்தில் குவியலுக்குள்ளேயே முளை நீட்டும். அள்ளும்போது முனை ஒடிந்தால் அந்த விதை போயிற்று. "பத்தாயிரம் விதை நட்டோம், ஒன்றும் வரவில்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

மீதிப் பாதி: பொங்கல். ஆறேழு மாதம் வரை மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் கீழே கிழங்கு இருப்பது ஊருக்கே தெரியும். மார்கழி, தையில் தோண்டிக்கொண்டு போவார்கள். காவல் போட்டுத் தடுக்க முடியாது. வழி: ஊரில் ஒரு மூலையில் தனியாக 500 விதைக்குக் கிழங்குப் பாத்தி போட்டுப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுவது. கரையில் இருப்பது தப்பும்.

முதல் சில வருடம் நெருப்பில் இலை கருகினாலும் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் திரும்ப வரும். ஜே.சி.பி. கரையைச் சீவினால் வராது. கரை பலப்படுத்தும் வேலை எந்த வருடம் வருகிறது என்று ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு நடுங்கள். ஆண் பனையா பெண் பனையா என்பது பன்னிரண்டு, பதினைந்து வருடம் கழித்துப் பாளை வந்தால்தான் தெரியும். நட்டவர் அதைப் பார்க்க எழுபத்தைந்து வயது ஆகும்.

#9 · செம்மண்

பனை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும்தானே? அப்படியென்றால் நட்டுவிட்டால் ஏரிக்கரைக்கே ஒரு பாதுகாப்பு.

#10 · பனங்காடு

2021 வேளாண் பட்ஜெட்டில் அப்படித்தான் அறிவித்தார்கள். ஆனால் வடலியாக (இளம் பனையாக) இருக்கும்போது அது யாருக்கும் பனையாகத் தெரியாது, புதராகத்தான் தெரியும். தண்டு மேலே வரும்வரை கரையில் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

#11 · நத்தைகுத்தி

தண்ணீர் பற்றிப் பேசாமல் இழை முடிந்துவிடும் போல இருக்கிறது. கூடு இருக்கும் மரத்தின் கீழே தண்ணீர் நிற்பது அலங்காரம் இல்லை. தண்ணீர் வற்றினால் நாயும் நரியும் மனிதனும் நடந்து வரலாம், அதுவரை நன்றாக இருந்த காலனியைப் பறவை குஞ்சோடு விட்டுவிட்டுப் போகும். தை, மாசியில் நவரை நெல்லுக்குத் தண்ணீர் கேட்கிற நேரமும் குஞ்சு வளர்கிற நேரமும் ஒன்று. ஆகவே மதகுச் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, பங்குனி முடியும் வரை அதற்குக் கீழே திறப்பதில்லை என்று நீர்கட்டியோடும் (மதகைத் திறந்து மூடுகிறவர்) ஆயக்கட்டுக்காரர்களோடும் எழுத்தில் பேசி வைக்க வேண்டும். எச்சம் கரைந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது வேடந்தாங்கல் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும், அதைச் சொல்லிப் பேசலாம்.

அடுத்து மீன்பாசிக் குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை). பசலி வருடம் (வருவாய்த்துறைக் கணக்கு வருடம்) ஜூலை 1இல் தொடங்கும், குத்தகையும் அதை ஒட்டித்தான். நிபந்தனையில் இரண்டு வரி: கார்த்திகை முதல் பங்குனி வரை திட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் வலை கூடாது, மீன் பிடிக்க ஏரியை முழுக்க வடிக்கக் கூடாது. பாம்புத்தாரா முங்கி மீன் பிடிக்கும், நரம்பு வலையில் மாட்டினால் வெளியே வராது. இந்த வரிகளைப் பங்குனிக்குள் ஊராட்சியில் பேசி முடிக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு.

கணக்கெடுப்பு எளிது, ஆனால் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அதே இரண்டு இடம், விடிந்து ஒரு மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆள் இருக்கும் கூடு எத்தனை என்று இனவாரியாக. கூடவே நீர்மட்டம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் குறைந்தது 15 நிமிடப் பட்டியல் போடலாம், ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. இந்த வருடம் இங்கே, அடுத்த வருடம் அங்கே என்று நின்று எண்ணினால் ஐந்து வருடக் கணக்கு ஒன்றோடொன்று பேசாது.

பட்டாசு: சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அது ஊரே எடுத்த முடிவு. வெளியிலிருந்து ஒருவர் சொல்லி வராது, முன்னாள் வி.ஏ.ஓ. சொன்னாலும் வராது.

#12 · தேக்கங்காடு

அதிகாரிகள் ஓய்வுக்குப் பின்னும் காட்டை விடாததற்கு ஆனைமலையில் டாப்ஸ்லிப்பில் இருக்கும், ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹியூகோ உட் கல்லறையைச் சொல்லலாமே. 1933இல் இறந்தார், தான் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைக்கச் சொன்னார். கல்லில் லத்தீன் வரி: என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார். கைத்தடியால் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்கிறார்கள்.

#13 · புலப்படம்

கைத்தடிக் கதை அழகுதான், ஆனால் ஆனைமலையைக் காப்பாற்றியது தடி இல்லை. தேக்கு அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மரம். வேரோடு பறிக்காமல் தரையோடு வெட்டி, துளிரைக் காத்து, பகுதி பகுதியாகச் சுழற்றும் முறையை அவர் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் ஒரு திட்ட ஆவணம் இருந்தது. தவிர, அது மரத்துக்காக வளர்த்த காடு, ஏரிக்கு நேர் மாதிரி ஆகாது.

நம் பக்கத்துக்குச் சரியான மாதிரி வேடந்தாங்கல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் புகார் செய்து, கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858இல் அடுத்து வந்த கலெக்டரிடம் அதைப் புதுப்பித்தார்கள். சட்டப்படிச் சரணாலயம் என்பதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். அதிகாரி மாறினால் அடுத்தவரிடம் அதே காகிதத்தை நீட்டியது ஊர்.

இன்று அந்தக் காகிதத்துக்கு இரண்டு வழி. 2002 பல்லுயிர்ச் சட்டம் 41ஆம் பிரிவில் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல ஊரில் பெயருக்கு இருக்கும். அதை உயிர்ப்பித்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நத்தைகுத்தி சொன்ன கூடுகளின் கணக்கையும், பனங்காடு சொன்ன எண் போட்ட வடலிகளையும் வருடாவருடம் ஏற்றலாம். 37ஆம் பிரிவு அடுத்தது: பல்லுயிர் பாரம்பரியத் தலம். மதுரை அரிட்டாபட்டி 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது, 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். 2024இல் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்கள் திரண்டன, அந்த அறிவிப்பும் அவர்கள் கையில் இருந்தது. ஜனவரி 2025இல் ஏலம் ரத்தானது. ஆட்கள் திரளாமல் காகிதம் மட்டும் நின்றிருக்காது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிராம சபை வருடத்தில் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் நாள், குத்தகை நிபந்தனைத் தீர்மானத்துக்கு அதுவே சரியான நாள். அளவை மனு நிலுவையில் இருந்தால் ஜமாபந்தியில் (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) கணக்கோடு கேட்கலாம், அந்த நாளில் எந்தப் பதிவேடு எந்த மேசையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

#14 · கலங்கல்

ஒரு எச்சரிக்கை. பழைய வி.ஏ.ஓ. மனு எழுதிக்கொடுத்தால் ஊரில் பாதிப் பேர் "இவர் இருந்தபோது இந்த ஆக்கிரமிப்பு தெரியவில்லையா" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தன் காலத்து அடங்கலையே முதலில் எடுத்து மேசையில் வைத்துவிடுவது நல்லது, அதில் அவருடைய கையெழுத்து இருந்தாலும்.

#15 · உள்வாய்

அனைவருக்கும் நன்றி. வரிசை இப்படிப் புரிகிறது: தையில் காகிதம், பங்குனியில் கல், மார்ச் 22 தீர்மானம், நெற்று முற்றும் முன் கரைப்பக்க 8 ஏக்கர், கோடை முடிவதற்குள் இரண்டு திட்டு, புரட்டாசியில் பனை, கார்த்திகையிலிருந்து கூடுகளின் கணக்கு. திட்டில் கன்று அடுத்த வருடம். ஒன்று மட்டும்: நெற்று முற்றும் முன் என்றால் ஏலத்தை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

#16 · வேலிக்காத்தான்

காய் வைக்கும் முன் வெட்ட வேண்டுமென்றால் மாசியில் ஆள் இறங்க வேண்டும். மதிப்பீடு, அனுமதி, அறிவிப்பு எல்லாம் சேர்த்துப் புரட்டாசியிலேயே கடிதம் கொடுங்கள். கூடு இல்லாத பகுதி என்று நத்தைகுத்தியிடம் ஒரு வரைபடமும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள், மாசியில் கூடு இருக்கும்.